கோத்தகிரி வீட்டுச் சுவத்துல ஒரு ஆல்டிமீட்டர்: பிரிச்சு கழுவி, மட்ட டியூப் வச்சு செக் பண்ணி மாட்டினது

விமானத்துல உயரம் காட்டற மீட்டருக்குப் பேரு ஆல்டிமீட்டர். அப்படி ரிஜெக்ட் ஆன ஒரு மூணு முள் ஆல்டிமீட்டரைப் பிரிச்சு சுத்தம் பண்ணி, திரும்ப ஓட வச்சு, கோத்தகிரில எங்க வீட்டு ஹால் சுவத்துல மாட்டியிருக்கேன். யாராச்சும் இதே மாதிரி பண்ணணும்னு நினைச்சா உதவட்டும்னு எல்லாத்தையும் எழுதி வைக்கிறேன். நான் பிரைவேட் பைலட் லைசென்ஸ் வச்சிருக்கேன், மலையில விமானம் இறங்க இடம் கிடையாது, அதனால பறக்கணும்னா விடியக்காலைல கெளம்பி மேட்டுப்பாளையம் எறங்கி சமவெளில இருக்கற ஒரு ட்ரெய்னிங் ஏர்ஃபீல்டுக்குப் போவேன், அங்க ஓட்டறது செஸ்னா 152ங்கற சின்ன விமானம், கெடச்சா 172.

இந்த ஆல்டிமீட்டரைக் குடுத்தது விமான மெயின்டனன்ஸ் இன்ஜினியரா இருக்கற ஒரு நண்பர். செக் பண்ணும்போது முள் ஒட்டுது, ஃப்ரிக்‌ஷன் லிமிட்டைத் தாண்டுதுன்னு ரெட் டேக் மாட்டி ஒதுக்கி வச்சிருந்தாங்க. அவர் அதுல இருந்த டேட்டா பிளேட்டைக் கழட்டிட்டுத்தான் கையில குடுத்தாரு. அதுக்குக் காரணம் இருக்கு, ஒரு தடவ ஒதுக்கின இன்ஸ்ட்ருமென்ட் எந்த வழியிலயும் திரும்ப ஒரு விமானத்துக்குள்ள போகக்கூடாது. நான் வீட்டுல பண்ணினது எவ்வளவு நல்லா வந்தாலும் இது சுவத்துக்குத்தான், பேனலுக்கு இல்ல. இதை முதல்லயே சொல்லிடறேன்.

இன்னொண்ணு, பழைய இன்ஸ்ட்ருமென்ட் கெடச்சா ஒடனே பிரிச்சிடாதீங்க. ரெண்டாம் உலகப்போர் காலத்து டயல்கள்ல இருட்டுல மினுங்கறதுக்கு ரேடியம் பெயின்ட் அடிச்சிருப்பாங்க, மினுக்கம் செத்துப்போய் பழுப்பு நிறத்துல இருந்தாலும் ரேடியம் அப்படியேதான் இருக்கும், அந்தத் தூள் மூச்சுல போகக்கூடாது. என்னோடது பின்னாடி காலத்து பீஸ், வெறும் வெள்ளை பெயின்ட், அத நண்பர்கிட்ட உறுதி பண்ணிக்கிட்டுத்தான் கைவச்சேன்.

முன்னாடி கண்ணாடியைப் பிடிச்சிருக்கறது ஒரு ஸ்நாப் ரிங். அத எடுத்தா கண்ணாடி, அதுக்கு அடியில ஒரு ஓ-ரிங். அது காஞ்சு கல்லாயிருந்துச்சு, நகத்தால அழுத்தினா தடமே விழல. முள் மூணையும் வரிசையா எடுக்கணும், எது எந்த எடத்துல நின்னுச்சுன்னு மொதல்லயே போட்டோ எடுத்து வச்சுக்கணும். நீளமான முள் நூறு அடிக் கணக்கு, ஒரு சுத்து சுத்துனா 1,000 அடி. குட்டையா தடிச்சது ஆயிரக் கணக்கு. மூணாவது பத்தாயிரத்துக்கு.

டயலை எடுத்ததும் உள்ள தெரியறதுதான் விஷயமே. ரெண்டு அப்பளத்தை ஓரம் சேத்து ஒட்டின மாதிரி, வளையம் வளையமா நெளி நெளியா இருக்கற மெல்லிசு உலோக டப்பா, அதுக்குப் பேரு அனராய்டு கேப்ஸ்யூல். உள்ள இருக்கற காத்தை உறிஞ்சி எடுத்து அடைச்சிருப்பாங்க. வெளில அழுத்தம் கொறஞ்சா அது விரியும், கூடினா சுருங்கும். 1,000 அடி ஏறினா அது விரியறது ஒரு மில்லிமீட்டர்ல சின்ன பங்குதான், அந்தத் துளி அசைவை ஒரு ஷாஃப்ட் வாங்கி, பல் வச்ச ஒரு விசிறித் துண்டை ஆட்டி, அது பினியன்ங்கற ஒரு குட்டி பல்சக்கரத்தைச் சுத்தி, அங்கிருந்து பல்சக்கரம் பல்சக்கரமா பெருசாக்கி கடைசில நீள முள்ளு முழுசா ஒரு சுத்து சுத்துது. பல்சக்கரங்களுக்கு நடுவுல லூஸ் தெரியாம இருக்க ஒரு ஹேர்ஸ்பிரிங். உலோகம் குளிர்ல சுருங்கி வெயில்ல விரிஞ்சு அளவைக் கெடுக்காம இருக்க ஒரு பைமெட்டல் பட்டை. இத கவனிச்சுக்கோங்க, இது சரி பண்றது மிஷினோட சூட்டை மட்டும்தான், வெளில இருக்கற காத்தோட சூட்டை இல்ல. இது கீழ முக்கியமா வரும்.

இந்த மாதிரி துல்லியமான ஆல்டிமீட்டரை 1928ல செஞ்சவர் பால் கோல்ஸ்மேன், ஜெர்மனில பொறந்து அமெரிக்கா போன இன்ஜினியர். அடுத்த வருஷம் 1929 செப்டம்பர் 24 அன்னைக்கு ஜிம்மி டூலிட்டில் காக்பிட்டை மூடிக்கிட்டு, வெளிய எதையும் பாக்காம இன்ஸ்ட்ருமென்ட்டை மட்டும் நம்பி ஏறி, சுத்தி, எறங்கினாரு, அப்போ அவர் உயரம் பாத்தது கோல்ஸ்மேனோட ஆல்டிமீட்டர்லதான். டயல்ல அன்னைக்கு இருக்கற காத்தழுத்தத்தை செட் பண்ண ஒரு சின்ன ஜன்னல் இருக்கும், அதுக்கு இன்னைக்கும் கோல்ஸ்மேன் விண்டோன்னுதான் பேரு. அந்த நம்பரை மாத்தற குமிழைத் திருகினா உள்ள இருக்கற மொத்த மெக்கானிசமும் ஒண்ணா சுத்துது, அத கண்ணால பாக்கற வரைக்கும் நான் முள்ளு மட்டும் நகருதுன்னுதான் மனசுல வச்சிருந்தேன்.

ஒட்டறதுக்குக் காரணம் பினியன் பக்கத்து ஜூவல் பேரிங்ல, அதாவது அச்சோட முனை சுத்தற குட்டி கல் குழில, காஞ்சுபோன எண்ணெய்ப் பிசின். லென்ஸ் வச்சுப் பாத்தா மஞ்சளா தெரிஞ்சுது. இதுக்கு என் கை பத்தாது, குன்னூர்ல வாட்ச் ரிப்பேர் பண்ற பெரியவர் ஒருத்தர்கிட்ட எடுத்துட்டுப் போனேன். கண்ணுல லூப்பை மாட்டி ரொம்ப நேரம் ஒண்ணும் பேசாம பாத்தாரு.

"தம்பி, இது ஹேர்ஸ்பிரிங் நம்ம டைம்பீஸ்ல வர்றதுதான், பயப்படாதீங்க. ஆனா அந்த டப்பா பக்கம் நான் கை வைக்க மாட்டேன்."

"அது வேண்டாங்கய்யா, சக்கரம் மட்டும் சுத்தம் பண்ணினா போதும்."

"எண்ணெய் போட்டுடவா?"

யோசிச்சேன், அவரே பதிலும் சொல்லிட்டாரு. "வேண்டாம். நம்ம ஊரு ஈரத்துக்கு எண்ணெய் போட்டா தூசியும் பூஞ்சையும் வந்து ஒக்காரும், மறுபடி ஒட்டும். காஞ்சே ஓடட்டும்." ஜூவலைக் கழட்டி பெட்ரோல்ல கழுவி, கூரா சீவின குச்சியால குழிக்குள்ள தொடச்சு, பிவட்டை, அதாவது அச்சு முனையை, பளபளன்னு ஆக்கிக் குடுத்தாரு. இந்த மாதிரி கை இருக்கறவங்க மலையில கொறஞ்சுக்கிட்டே வர்றாங்க. பேட்டரி மாத்தறதுக்கு மட்டும்தான் ஆள் வர்றாங்கன்னாரு, எனக்கு அது மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு.

ஓ-ரிங் மேட்டுப்பாளையத்துல ஒரு ஆயில் சீல் கடையில கெடச்சுது, பழசைக் காமிச்சு அதே சைஸ் வாங்கினேன். ஆல்டிமீட்டர் பின்பக்கம் வெளிக்காத்தோட அழுத்தத்தைக் கொண்டு வர்ற ஸ்டாட்டிக் ட்யூப் மாட்டற ஓட்டைல எட்டுல ஒரு பங்கு இஞ்ச் மரை, அதுக்கு பித்தளை ஹோஸ் நிப்பிள் கோயம்புத்தூர்ல நியூமேடிக் ஃபிட்டிங் விக்கிற கடையில கெடைக்கும், டெஃப்லான் டேப் சுத்தி மாட்டினா போதும்.

அடுத்தது டெஸ்ட் பண்ற செட்டப். ஆல்டிமீட்டரை பாட்டிலுக்குள்ள போட்டு மூடணும்னு அவசியமே இல்ல, அதோட கேஸே காத்துப் புகாத டப்பாதான், பின்னாடி ஓட்டை வழியா காத்தை உறிஞ்சினா அது மலை ஏறுதுன்னு நெனச்சுக்கும். மெடிக்கல் ஷாப்ல ஒரு பெரிய 50 மில்லி சிரிஞ்ச், டிரிப் செட் ஒண்ணு, மூணு வழி அடைப்பான் (த்ரீ வே) ஒண்ணு. கொத்தனார்கள் மட்டம் பாக்கற ட்ரான்ஸ்பரன்ட் டியூப் மூணு மீட்டர். ஒரு பலகைல அந்த டியூபை யூ மாதிரி வளைச்சு அடிச்சு, பக்கத்துல டெய்லர் டேப்பை ஒட்டி, பாதி வரைக்கும் தண்ணி ஊத்தி, மட்டம் நல்லா தெரியறதுக்கு சொட்டு நீலம் ரெண்டு துளி. யூ-வோட ஒரு முனை வெளிக்காத்துக்குத் தொறந்து கெடக்கும், இன்னொரு முனை ஆல்டிமீட்டருக்கும் சிரிஞ்சுக்கும் சேந்து போகும். டிரிப் செட்ல இருக்கற ரோலர் க்ளாம்ப் ரொம்ப உபயோகம், காத்தை சொட்டு சொட்டா உள்ள விடலாம். சிரிஞ்சை வெடுக்குனு இழுக்கக்கூடாது, கேப்ஸ்யூலும் பல்லும் கெட்டுப்போகும்.

கணக்கு இதுதான். 1 மில்லிபார் அழுத்தம்னா 1.02 செமீ தண்ணி. கடல் மட்டத்துல 1 மில்லிபாருக்கு ஏறக்குறைய 27 அடி, ஆனா நம்ம உயரத்துல காத்து இளைச்சுப்போனதால 32, 33 அடி. எந்த உயரத்துல எவ்வளவு அழுத்தம்னு போட்டிருக்கற ஸ்டாண்டர்ட் அட்மாஸ்ஃபியர் டேபிளை வச்சுப் பாத்தா, விண்டோல 1013 மில்லிபார் வச்சு முள் 5,660ல நிக்கும்போது அடுத்த 1,000 அடிக்கு 31 செமீ வித்தியாசம் வேணும், அதுக்கு மேல 1,000 அடிக்கு 30.1, அதுக்கும் மேல 29.2. மூவாயிரம் அடி ஏத்த 90 செமீ தண்ணி போதும், ரெண்டு பக்கமும் 45, 45. தொட்டபெட்டா உயரத்தை ஹால்ல ஒக்காந்துக்கிட்டே பாத்துடலாம்.

சிரிஞ்சை மெதுவா இழுத்து த்ரீ வேயை மூடி, திரும்ப இழுத்து, ரெண்டு மூணு இழுப்புல தண்ணி ஏறிச்சு. முள் நகர ஆரம்பிச்சதும் எனக்குக் கை நடுங்கிச்சுன்னே சொல்லணும், இத்தனைக்கும் காக்பிட்ல எத்தனையோ தடவ பாத்த அதே முள்ளுதான். 6,660 வரவேண்டிய எடத்துல 6,625 காமிச்சுது, கண்ணாடியை விரலால லேசா தட்டினதும் 6,650க்கு வந்துடுச்சு. அடுத்தது 7,660க்கு 7,630. அதுக்கு மேல 8,660க்கு 8,610. சுத்தம் பண்றதுக்கு முன்னாடி இதே செட்டப்ல பாத்தப்ப முள்ளு நின்னு நின்னு 150 அடி தாவிச்சு, அதோட ஒப்பிட்டா இது பெரிய விஷயம். அமெரிக்க விதிமுறைல 6,000 அடிக்கு 40 அடி, 8,000க்கு 60 அடி வரைக்கும் தப்பு ஒத்துக்கறாங்க, அதுக்குள்ள நிக்குது. மேல ஏத்தி வச்சு ஒரு நிமிஷம் க்ளாம்பை மூடி விட்டேன், 20 அடிகூட எறங்கல, அப்ப புது ஓ-ரிங்கும் டெஃப்லானும் சரியா ஒக்காந்திருக்கு. பைலட்டுங்க ஆல்டிமீட்டர் கண்ணாடியைத் தட்டறது பழக்கம்னு நெனச்சிருந்தேன், தட்டினதும் முள்ளு அந்த 25 அடி நகர்ந்தப்பதான் அதுக்கு உள்ள ஒரு பிவட்டும் ஒரு ஜூவலும் இருக்குன்னு விரலுக்கே புரிஞ்சுது.

சுவத்துல மாட்டினதுக்கப்புறம் ஆரம்பிச்சது இன்னொரு பாடம். வீடு அசையல, ஆனா முள்ளு அசையுது. காலைல பத்து மணி வாக்குல கீழ எறங்கி நிக்கும், சாயங்காலம் நாலு மணி வாக்குல அம்பது அறுபது அடி ஏறியிருக்கும், ராத்திரி பத்துக்கு திரும்பக் கீழ. நம்ம மாதிரி வெப்ப மண்டலத்துல காத்தழுத்தம் தெனமும் ரெண்டு தடவ ஏறி எறங்கும், சூரியன் வளிமண்டலத்தைச் சூடாக்கறதால வர்ற அலை அது. சமவெளில இந்த ஏத்த எறக்கம் 3, 4 மில்லிபார் வரும், அதாவது 100 அடிக்குப் பக்கத்துல. படிக்கும்போது பரீட்சைக்குப் படிச்சதுதான், இப்ப வீட்டுக்காரம்மா காப்பி குடுக்கும்போது "என்னங்க, இன்னைக்கு வீடு மேல போயிருச்சா கீழ வந்துருச்சா"ன்னு கேக்கற அளவுக்கு ஆயிருச்சு. வங்கக்கடல்ல காத்தழுத்தத் தாழ்வு உருவாகும்போது அந்தத் தெனசரி ஆட்டத்துக்கு மேல மொத்தமா ஒரு ஏத்தம் வரும், ஐப்பசி கார்த்திகைல நம்ம பக்கத்துக்கு வர்ற பெருமழைக்கு முன்னாடி இத பாக்கலாம்.

அப்புறம் ரொம்ப நாளா மனசுல இருந்த சோதனை. கோயம்புத்தூர் ஏர்போர்ட்ல அரை மணிக்கொரு தடவ மெட்டார்ங்கற வானிலை அறிக்கை வரும், அதுல க்யூஎன்ஹெச், அதாவது கடல் மட்டத்துக்கு மாத்திச் சொல்ற காத்தழுத்தம், இருக்கும். பைலட் அதைத்தான் விண்டோல செட் பண்ணுவாங்க, ஏன்னா அத வச்சா அந்த ஏர்போர்ட் தரைல நிக்கும்போது ஆல்டிமீட்டர் அந்த ஊரோட உயரத்தைக் கரெக்டா காமிக்கும். அதே நம்பரை கோத்தகிரில என் சுவத்துல வச்சா? எங்க வீடு கிட்டத்தட்ட 5,900 அடி. ஆல்டிமீட்டர் 5,660. நல்ல வெயில் நாள், மேகம் இல்ல, முள்ளைத் தட்டியும் பாத்துட்டேன். 240 அடி கம்மி.

இத நல்ல துணில சுத்தி பைல போட்டு பைக்ல தொட்டபெட்டா எடுத்துட்டுப் போனேன். உச்சி 2,637 மீட்டர், அதாவது 8,652 அடி. முள் காமிச்சது 8,280க்குப் பக்கம், 370 அடி கம்மி. இன்னொரு நாள் மேட்டுப்பாளையம் பஸ்ல கூட எடுத்துட்டுப் போனேன், கொண்டை ஊசி வளைவுங்கள்ல முள் எறங்கிக்கிட்டே வர்றதைப் பாத்து பக்கத்து சீட்டுக்காரர் என்ன மீட்டருங்கன்னு கேட்டு கடைசி வரைக்கும் என்கூட சேந்து பாத்துக்கிட்டு வந்தாரு. கீழ எறங்க எறங்க வித்தியாசம் கொறஞ்சு, மேட்டுப்பாளையத்துல கிட்டத்தட்ட சரியாயிடுச்சு. அப்ப இது மிஷினோட கோளாறு இல்ல.

காரணம் காத்தோட சூடு. ஆல்டிமீட்டர் உயரத்தை அளக்கறதில்ல, மேல இருக்கற காத்தோட அழுத்தத்தை அளந்து, ஒரு கற்பனை வளிமண்டலத்தோட டேபிளைப் பாத்து உயரமா மாத்திச் சொல்லுது. அந்தக் கற்பனைல கடல் மட்டத்துல 15 டிகிரி, 1,000 அடிக்கு ரெண்டு டிகிரி கொறையும். அந்தக் கணக்குப்படி கோத்தகிரில 3 டிகிரிதான் இருக்கணும், ஊட்டில உறைநிலை. நம்ம ஊர்ல பகல்ல 18, 20 இருக்கு. சூடான காத்து விரிஞ்சு உயரமா நிக்குது, அதனால அதே அழுத்தம் நெஜத்துல இன்னும் மேலதான் கெடைக்கும், ஆல்டிமீட்டரோ கம்மியா சொல்லுது. 10 டிகிரி வித்தியாசத்துக்கு, க்யூஎன்ஹெச் குடுத்த ஏர்போர்ட் தரைக்கு மேல இருக்கற உயரத்துல 4 சதவீதம்னு பைலட்டுங்க வச்சிருக்கற கணக்கோட என் ரெண்டு அளவும் கிட்டத்தட்ட ஒத்துப்போகுது. குளிர் நாட்டுல இதே தப்பு எதிர்ப்பக்கம் போகும், நெஜ உயரத்தைவிட அதிகமா காமிக்கும், மலைல இடிக்கற தப்பு அது. நம்ம மலைகள்ல தப்பு நம்ம பக்கம் சாயுது.

அப்ப ஜிபிஎஸ் பாத்து ஓட்டலாமேன்னு ஒரு நண்பர் கேட்டாரு. பக்கத்துல பறக்கற எல்லாரும் ஒரே க்யூஎன்ஹெச் வச்சா எல்லாருக்கும் ஒரே மாதிரி தப்பு வரும், ஒருத்தருக்கு மேல ஒருத்தர் 1,000 அடி தள்ளிப் பறக்கறது அப்பவும் தள்ளியேதான் இருக்கும். ஒருத்தர் மட்டும் ஜிபிஎஸ் உயரத்துக்குப் போனா அந்த ஒழுங்கு ஒடைஞ்சுபோகும்.

ஆனா தப்பு நம்ம பக்கம் சாயுதுங்கறதை நெனச்சு எந்த பைலட்டும் ஆறுதலா இருக்கக்கூடாது, எனக்கு இந்த வேலைல கெடச்ச பெரிய விஷயம் இதுதான். எந்தச் சூடு ஆல்டிமீட்டரைக் கம்மியா காட்ட வைக்குதோ அதே சூடுதான் றெக்கைக்கும் இன்ஜினுக்கும் காத்தை இளைக்க வைக்குது. காத்தோட அடர்த்தியை வச்சு விமானத்துக்கு அது எத்தனை அடி உயரம் மாதிரி இருக்குன்னு பாக்கறது டென்சிட்டி ஆல்டிட்யூட், அந்தக் கணக்குல கற்பனை டேபிளைவிட கூடற ஒரு டிகிரிக்கு 120 அடி. ஊட்டி உயரத்துல 7,350 அடில 20 டிகிரி இருந்தா, விமானம் 9,700 அடில இருக்கறதா நெனச்சுக்கிட்டுதான் பறக்கும். 152 கையேட்டுல கடல் மட்டத்துல நிமிஷத்துக்கு 715 அடி ஏறும்னு போட்டிருக்கு, அந்த உயரத்துல அதுல பாதிகூட வராது. ஆடி மாசம் மேல்காத்து குந்தா பக்கத்துல இருந்து அடிச்சு மலையைத் தாண்டி நம்ம கிழக்குச் சரிவுல கீழ கொட்டும்போது, எறங்கற காத்து நிமிஷத்துக்கு ஐநூறு அடியா இருந்தா போதும், ஃபுல் த்ராட்டில்லயும் விமானம் எறங்கும். அப்ப ஆல்டிமீட்டர்ல 240 அடி கையிருப்பு இருக்குன்னு சொல்றதுக்கு அர்த்தமே இல்ல.

அதனால நான் இந்தச் சரிவுப் பக்கம் வரும்போது, பவானிசாகர் அணைத் தண்ணி ஒரு பக்கம், கோடநாடு பாறை ஒரு பக்கம் தெரியற அந்த எடத்துல, மலையை நேருக்கு நேர் பாத்துப் போகறதே கிடையாது, சாய்வா வந்து எப்ப வேணா சமவெளிப் பக்கம் திரும்பற மாதிரிதான் வச்சுக்கறேன். காலைல ஒன்பது மணிக்குள்ள முடிச்சுக்கறேன். சரிவுல ஒரு துண்டு மேகம் ஒட்ட ஆரம்பிச்சா திரும்பிடறேன், கீழ இருந்து பாக்க பஞ்சு மாதிரி இருக்கறது உள்ள போனா எது மேல எது கீழன்னு ஒடம்புக்குத் தெரியாது. 2021 டிசம்பர் 8 அன்னைக்கு நஞ்சப்பசத்திரத்துல விழுந்த விமானப்படை ஹெலிகாப்டரை இந்த மலைல இருக்கறவங்க யாரும் மறக்க மாட்டோம், ஜெனரல் பிபின் ராவத் உட்பட 14 பேர் உயிர் போச்சு. பள்ளத்தாக்குல வானிலை திடீர்னு மாறி மேகத்துக்குள்ள போனதுதான் காரணம்னு முப்படை விசாரணை சொல்லுச்சு. அவ்வளவு அனுபவம் இருந்தவங்களுக்கே அப்படின்னா, வாரக் கடைசில பறக்கற என்னை மாதிரி ஆளுக்கு மேகம்னா திரும்பறது மட்டும்தான்.

செய்யணும்னு நினைக்கறவங்களுக்கு: ஆல்டிமீட்டரைத் தவிர மத்த சாமான் எல்லாம் சேந்து ஆயிரம் ரூபாய் தாண்டல. மட்ட டியூப்ல காத்துக் குமிழி இல்லாம தண்ணி ஊத்துங்க, ஒரு குமிழி மாட்டினாலும் அளவு போச்சு. தண்ணி மட்டத்தோட நடுவுக் குழிவைப் பாத்து ரீடிங் எடுங்க, ஓரத்தைப் பாக்காதீங்க. ஒத்துப் பாக்கறதுக்கு காத்தழுத்தம் அளக்கற ஒரு பிஎம்பி280 எலக்ட்ரானிக் சென்சார் வச்சுக்கிட்டா நல்லது, ஆனா அதுலயும் 1 மில்லிபார் தப்பு வரலாம், நம்ம உயரத்துல அதுவே 32 அடி.

நண்பர் இப்ப ரிஜெக்ட் ஆன ஒரு விஎஸ்ஐ எடுத்து வச்சிருக்கேன்னு சொல்லியிருக்காரு, நிமிஷத்துக்கு எத்தனை அடி ஏறுதுன்னு காமிக்கிற மீட்டர். அதுலயும் கேப்ஸ்யூல்தான், ஆனா உள்ள ஒரு சின்ன ஓட்டை வழியா காத்து மெதுவா கசியறதை வச்சு வேலை செய்யுது. இதே பலகைல டிரிப் க்ளாம்பைத் தொறந்து, ஸ்டாப்வாட்ச்ல ரெண்டு பக்கத்துத் தண்ணி வித்தியாசம் நிமிஷத்துக்கு 15 செமீ கொறையற மாதிரி விட்டா அது 500 அடிக்குப் பக்கம் காமிக்கணும்.